வடக்குச் சந்து, 5 அடி அகலம், பக்கத்து வீட்டு மாமரம்: நிழலில் பூக்கிற செடி என்ன வைக்கலாம்?

பின்கட்டு (ஜூன் 8, காலை 7:40)

வணக்கம். சேலம் அழகாபுரம் பக்கம் வீடு, தெற்குப் பார்த்த வாசல். பின்னால் வடக்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் 5 அடி அகலத்தில், 28 அடி நீளத்துக்கு ஒரு சந்து இருக்கிறது. கிழக்குப் பாதியில் பக்கத்து வீட்டு மல்கோவா மரம் சுவரைத் தாண்டி வந்து கவிந்திருக்கும். மேற்குப் பாதி திறந்த வெளி. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் காலி மனை. வீடு மாடியோடு 22 அடி உயரம்.

துணி துவைக்கிற கல்லை எடுத்த பிறகு அந்த இடம் சும்மா கிடந்தது. பொங்கல் லீவில் ஏற்காடு போனபோது நர்சரியில் ஹைட்ரேஞ்சா பார்த்து ஆசைப்பட்டு ஆறு வாங்கினேன். கூடவே ஃப்யூஷியா இரண்டு, பிகோனியா நான்கு. வரிசையில் ஒரே ஒரு ஹைட்ரேஞ்சாவில்தான் பூ இருந்தது, நல்ல நீலம். நிழலில் வைக்கச் சொன்னார்கள். சந்து முழுக்க நிழல்தானே என்று மேற்குப் பாதியில் வரிசையாக நட்டேன்.

மார்ச் வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. ஏப்ரல் முதல் வாரம் ஹைட்ரேஞ்சா ஒன்று பூத்தது, ஆனால் ரோஸ் நிறத்தில். நீலம் என்று சொல்லி வேறு எதையோ தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். மே மாதம் ஒவ்வொன்றாக இலை காய்ந்து, ஓரம் கருகி, இன்றைக்கு மிச்சம் இருப்பது ஒரு பிகோனியா. தண்ணீர் தினமும் இரண்டு வேளை ஊற்றினேன்.

நிழலில் வைத்த செடி எப்படிக் கருகும்? என்ன பூச்சி இது? இனி அங்கே என்னதான் வைப்பது? குரோட்டன்ஸ் வேண்டாம். எனக்குப் பூ வேண்டும்.

மொட்டைமாடி (ஜூன் 8, காலை 8:05)

அக்கா, பூஞ்சை மாதிரி தெரிகிறது. சாஃப் என்கிற பூஞ்சைமருந்து இரண்டு கிராம் ஒரு லிட்டரில் கலந்து அடியுங்கள். நிழலுக்கு மல்லிகை வையுங்கள், எங்கள் வீட்டில் நிழலில்தான் இருக்கிறது, நன்றாகப் பூக்கிறது.

சாமந்தி (ஜூன் 8, காலை 9:30)

தம்பி, உங்கள் வீட்டு மல்லிகைக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி (ஜூன் 8, காலை 9:48)

காலையில் ஒரு 11 மணி வரைக்கும் வரும் அக்கா. அப்புறம் நிழல்தான்.

சாமந்தி (ஜூன் 8, காலை 10:10)

அதுக்குப் பேர் நிழலா கண்ணு? நாலைந்து மணி நேரம் சுளீர் என்று அடிக்கிற காலை வெயில் அது. மல்லிகைக்கு அதுவே குறைச்சல்தான், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் பூ இரட்டிப்பாகும். நிஜ நிழலில் வைத்தால் கொடி வளரும், இலை தளதளவென்று இருக்கும், கூடையில் ஒன்றும் விழாது. முல்லையும் ஜாதிமல்லியும் அப்படியேதான். செம்பருத்தியை நிழலில் வைத்தால் பூவுக்குப் பதில் மாவுப்பூச்சி பூக்கும்.

பின்கட்டு, நீங்கள் பூச்சிமருந்து எதுவும் அடிக்க வேண்டாம். கருகினது ஓரமா, நடுவிலா? வெளுத்துப்போய் அப்புறம் காய்ந்ததா?

பின்கட்டு (ஜூன் 8, மதியம் 1:15)

வெளுத்துத்தான் காய்ந்தது. மேல் இலைகள் முதலில். அடி இலை கடைசி வரை பச்சையாக இருந்தது.

அளவுகோல் (ஜூன் 8, இரவு 9:20)

வீட்டுப் பிளான் வரைகிற வேலை எனக்கு. செடி பற்றி அதிகம் தெரியாது, வெயில் எங்கே விழும் என்று தெரியும். உங்கள் செடியைக் கொன்றது பூச்சி இல்லை, சூரியன்.

சேலம் ஏறக்குறைய 11.65 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், 55 டிகிரி உயரம்தான். உங்கள் 22 அடி வீடு அப்போது வடக்கே 15 அடிக்கு மேல் நிழல் போடும். 5 அடிச் சந்து அதில் முழுசாக மூழ்கிவிடும். நீங்கள் பொங்கலுக்குச் செடி வாங்கி வந்து பார்த்தது அந்த நிழலை.

ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்ப்பார்களே, அது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 22, 23 வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21ஆம் தேதி காலை உதிப்பதிலிருந்து மாலை மறைவது வரை வடக்குப் பக்கமாகவே போகும். காலி மனைப் பக்கம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் உங்கள் சந்தின் மேற்குப் பாதி மே, ஜூன், ஜூலையில் முழு வெயில், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை முழு நிழல். வீட்டிலேயே அதிக நேரம் வெயில் படும் சுவர் அப்போது அந்த வடக்குச் சுவர்தான். நாளை மதியம் கையை வைத்துப் பாருங்கள், சுடும்.

அப்படியே வாசல் பக்கமும் போய்ப் பாருங்கள். இப்போது நடுப்பகலில் தெற்குச் சுவரை ஒட்டி நாலரை அடி நிழல் கிடக்கும்.

பின்கட்டு (ஜூன் 9, மதியம் 12:35)

கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருக்கிறேன், பின்பக்கம் என்றால் நிழல் என்று மனதில் பதிந்துவிட்டது. போர்டிகோ ஓரம் நீங்கள் சொன்ன மாதிரியே நாலு விரற்கடை குறைய நாலரை அடி நிழல்.

கொண்டைஊசி (ஜூன் 9, இரவு 8:50)

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்களுக்குச் சின்னக் காப்பித் தோட்டம், நாலு ஏக்கர்.

அம்மா, ரோஸ் பூத்ததற்காக நர்சரிக்காரரைத் திட்டாதீர்கள். அது அதே செடிதான். ஹைட்ரேஞ்சாவின் நிறம் மண்ணைப் பொறுத்தது. மலை மண் புளிப்பு மண், பி.எச். ஐந்தரைக்குக் கீழே இருந்தால் மண்ணில் இருக்கிற அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். ஆறரைக்கு மேலே போனால் அலுமினியம் மண்ணோடு கட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது, பூ ரோஸ். சேலத்தில் உங்கள் போர் தண்ணீர் கடின நீர். இரண்டு வேளை ஊற்றியிருக்கிறீர்கள். மூன்று மாதத்தில் வேரைச் சுற்றியிருக்கிற மண்ணின் குணமே மாறியிருக்கும். இங்கே எங்கள் வீட்டிலேயே ஒரு வேடிக்கை உண்டு. படிக்கட்டு ஓரம் சிமெண்ட் பூசிய சுவரை ஒட்டி நிற்கிற செடி மட்டும் ஊதாவும் ரோஸும் கலந்து பூக்கும், நாலடி தள்ளி நிற்கிற அதன் பதியன் சுத்த நீலம்.

அது பிழைக்காததற்குக் காரணம் வேறு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டருக்குள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று கணக்குப் போட்டால் எட்டு டிகிரி வித்தியாசம். இங்கே மே மாதம் 30 டிகிரி வந்தாலே விசிறி தேடுவோம். ஃப்யூஷியாவுக்கு அந்த 30கூட அதிகம். அடிவாரம் இறங்கும்போதே அதற்கு மூச்சு முட்டியிருக்கும். கோடை விழாவுக்கு வருகிற கார்கள் இருபது கொண்டைஊசி வளைவும் இறங்கும்போது பின்சீட்டில் ஹைட்ரேஞ்சாத் தலை ஆடுவதைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். போகிற வழியில் ஒரு அருவி பார்த்துவிட்டு, மூடின காரில் இரண்டு மணி நேரம் வேறு.

மொட்டைமாடி (ஜூன் 9, இரவு 9:15)

சார், ஹைட்ரேஞ்சாவை நீலமாக்க எப்சம் உப்பு போட்டால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

கொண்டைஊசி (ஜூன் 9, இரவு 9:40)

எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட். நிறத்துக்கு வேண்டியது அலுமினியம். தவிர, சூரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மேக்னசைட் வெள்ளைக்கல்லை வெட்டி எடுக்கிற ஊருக்கு மெக்னீசியத்தை மூட்டை கட்டிக் கொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை தம்பி.

படிகாரம் வேலை செய்யும், அதில் அலுமினியம் இருக்கிறது. நாலரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டிப் பொடி, மொட்டு வருவதற்கு முன்பே மாதம் ஒருமுறை, ஈர மண்ணில். ஆனால் கடின நீரை ஊற்றிக்கொண்டே படிகாரம் போட்டால் ஒரு கை கொடுப்பதை மறு கை பிடுங்கும். மழைத் தண்ணீர் வேண்டும். வெள்ளைப்பூ ரகம் என்றால் எது போட்டாலும் வெள்ளைதான்.

பனமரத்துப்பட்டி (ஜூன் 10, காலை 5:55)

நான் அரளியும் கனகாம்பரமும் போடுகிற விவசாயி. மலைச்செடியை விடுங்கள். உங்கள் மேற்குப் பாதிக்குக் கனகாம்பரம்தான் பொருத்தம். நம்ம ஊர்ச் செடி, வெயிலும் தாங்கும், அரை நிழலும் தாங்கும். வருஷம் பூராவும் ஏதாவது பூத்துக்கொண்டிருக்கும். கதிரின் அடியிலிருந்து மேலே ஏறி ஏறிப் பூக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கலாம்.

டெல்லி கனகாம்பரம் என்று கேளுங்கள். அடர்ந்த ஆரஞ்சு, இதழ் பெரிசு. பேர்தான் டெல்லி. அதில் விதை பிடிக்காது, குச்சி வெட்டித்தான் நட வேண்டும். விதைச் செடி வேண்டும் என்றால் நாட்டு ரகம். காய்ந்த காயில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் டப் என்று வெடித்து விதை நாலு பக்கமும் தெறிக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வைத்து விளையாடும்.

ஒரே எதிரி நூற்புழு. வேரில் முடிச்சு விழும், செடி மத்தியானம் தொங்கும், காலையில் எழும், பத்து நாளில் போய்விடும். நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள். நடுவில் துலுக்கசாமந்தி வைத்தால் நூற்புழு குறையும், ஆனால் அது வெயில் கேட்கும், உங்களுக்கு இப்போது மூன்று மாதம் வெயில் இருக்கிறதே, வையுங்கள். தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வரும். இரண்டு வேளை ஊற்றுகிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

சாமந்தி (ஜூன் 10, காலை 10:25)

கனகாம்பரத்துக்கு என் ஓட்டும். வாசம் இல்லை என்பார்கள். அதற்குத்தான் மரிக்கொழுந்து இருக்கிறதே. இரண்டையும் சேர்த்துத் தொடுத்தால் வாசத்துக்கு வாசம், நிறத்துக்கு நிறம்.

மேற்குப் பாதிக்கு என் பட்டியல்: கனகாம்பரம், டிசம்பர் பூ, கடைசி மூலையில் ஒரு அடுக்கு நந்தியாவட்டை. டிசம்பர் பூ உங்கள் சந்துக்கென்றே பிறந்தது. கோடையில் வெயிலில் வளர்ந்து, நீங்கள் நிழல் என்று சொல்கிற அந்த மார்கழியில் ஊதாவாகப் பூத்துக் கொட்டும். நந்தியாவட்டை அரை நிழலில் கொஞ்சம் குறைவாகப் பூக்கும், ஆனால் பூக்கும். சாமிக்குப் போதும். மனோரஞ்சிதம் இடம் இருந்தால் சொல்லியிருப்பேன், நிழலிலும் பூக்கிற கொடி, பச்சையாக இருந்து மஞ்சளாகிறபோது பழுத்த பழம் மாதிரி வாசம் தெருவுக்கே வரும். 5 அடியில் அது உங்களை உள்ளே விடாது.

மாமரத்து அடிதான் கஷ்டம். அங்கே ஏற்கெனவே ஏதாவது முளைத்திருக்கிறதா?

பின்கட்டு (ஜூன் 10, மாலை 6:30)

ஒன்றும் இல்லை அக்கா. புல்கூட வராது. ஒரு வருஷம் சேப்பங்கிழங்கு செடி வந்தது, அதுவும் போச்சு. மா இலையில் ஏதோ விஷம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார்.

சாமந்தி (ஜூன் 10, இரவு 7:45)

பாட்டி சொல்கிற அளவுக்கு விஷம் எதுவும் வேண்டியதே இல்லை. மல்கோவா கட்டிய கொட்டகை மாதிரி. தூறல் விழுந்தால் இலை வழியாக ஓடிக் கொடுங்கை ஓரத்தில் சொட்டும், அடிமரத்துப் பக்கம் நனையாது. நனைகிற கொஞ்சத்தையும் மேல்மண்ணில் வலை பின்னின மாதிரி இருக்கிற மரத்து வேர் குடித்துவிடும். நம் ஆட்கள் நிழல் என்றால் ஈரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிணற்றடி நிழல் ஈரம். மாமரத்து நிழல் வறட்சி. அந்த இரண்டுக்கும் ஒரே செடியை வைத்தால் ஒன்று அழுகும், இல்லை காயும்.

அதனால் அங்கே தோண்டாதீர்கள். வேரை வெட்டினால் மரமும் பக்கத்து வீடும் கோபித்துக்கொள்ளும். தொட்டி வையுங்கள். தொட்டியையும் மண்மேல் நேராக வைக்கக் கூடாது. எனக்கு வேப்பமரத்தடியில் அப்படி நடந்திருக்கிறது. இரண்டு வருஷம் கழித்துப் பெரணித் தொட்டியை நகர்த்தப் பார்த்தால் அசையவில்லை. அடி ஓட்டை வழியாக வேப்பமர வேர் சுண்டுவிரல் தடிமனில் உள்ளே போய், தொட்டி முழுக்கச் சுற்றிக்கொண்டு, நான் ஊற்றின தண்ணீரையெல்லாம் மரம் குடித்திருக்கிறது. தொட்டியை உடைத்துத்தான் எடுத்தேன். இரண்டு செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள்.

அளவுகோல் (ஜூன் 10, இரவு 10:05)

மரத்தடியில் வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். நடுப்பகலில் வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் வெட்டினாற்போல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, விளிம்பு கலங்கியிருக்கிறது என்றால் நடுத்தரம். கையா கரண்டியா என்றே தெரியாவிட்டால் இருட்டு.

பின்கட்டு (ஜூன் 11, மதியம் 12:50)

செய்து பார்த்தேன். மரத்தின் வெளி ஓரத்தில் கலங்கலாகக் கை தெரிகிறது. உள்ளே சுவர் மூலையில் கரண்டி.

மொட்டைமாடி (ஜூன் 11, மதியம் 2:10)

அக்கா, தரைக்கு மஞ்சள் வெடிலியா போடுங்கள். தண்ணீர் வேண்டாம், நிழலிலும் பரவும், ஒரே மாதத்தில் பச்சைக் கம்பளம். என்னிடம் இருக்கிறது, சும்மாவே தருகிறேன்.

கொண்டைஊசி (ஜூன் 11, மாலை 5:30)

சும்மா தருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் தருவார்கள், ஏனென்றால் அவர்களிடம் அது தீர்வதே இல்லை. கணுவுக்குக் கணு வேர் விடும். வெட்டிப் போட்ட துண்டு மறுபடி பிடிக்கும். இங்கே ஓடைக்கரையில் யாரோ கொட்டிய குப்பையிலிருந்து தொடங்கி அரை பர்லாங் போய்விட்டது, அடியில் வேறு எதையும் முளைக்க விடவில்லை. காலி மனை ஓரம் அதை வைத்தால் அடுத்த மழைக்கு மனையே மஞ்சள். வேண்டாம்.

மரத்தடியை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். காப்பியே நிழலில் பூக்கிற செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்தது. மேலே சில்வர் ஓக், ஆஸ்திரேலியா மரம், அதில் மிளகுக் கொடி. நடுநடுவே கல்யாண முருங்கை. நிழல் வேண்டும் என்று மரத்தை வைத்துவிட்டு, மழைக்கு முன்னால் கிளையைக் கழிப்போம். மழைக்காலத்தில் மேகமே பாதி நிழல் கொடுத்துவிடும், மரமும் மூடிக்கொண்டால் காப்பிக்கு நோய் வரும். கோடையில் விட்ட கிளை மறுபடி கவியும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து எட்டு, பத்து நாளில் மலை பூராவும் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை வாசம். மூன்று நாளில் முடிந்துவிடும். சுற்றுலா வருகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததில்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நிழலைக் கொஞ்சம் திருத்தலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். காய் இறங்கின பிறகு, ஜூலை, ஆகஸ்டில், தாழ்ந்து தொங்குகிற இரண்டு மூன்று கிளையைக் கவாத்து செய்தால் மரத்துக்கும் நல்லது, உங்கள் கரண்டி கையாக மாறும். பூ வருகிற காலத்தில் கை வைக்கக் கூடாது.

சாமந்தி (ஜூன் 12, காலை 11:00)

சரி, மரத்தடித் தொட்டிகளுக்கு வருவோம். வெளி ஓரத்துக்கும் உள் மூலைக்கும் ஒரே செடி வேண்டாம்.

வெளி ஓரம், கை கலங்கலாகத் தெரிகிற இடம்: ஃபுட்பால் லில்லி. கிழங்கு என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கோடை மழைக்கு வெறும் மண்ணிலிருந்து சிவப்பாக ஒரு மூக்கு எட்டிப்பார்க்கும், ஒரு வாரத்தில் தேங்காய் அளவு சிவப்புப் பந்து. அப்புறம் இலை வரும், மழைக்காலம் முழுக்க இருக்கும், மார்கழி வாக்கில் வாடித் தூங்கிவிடும். தூங்குகிற நாலு மாதம் தண்ணீரே வேண்டாம். வறண்ட நிழலுக்கு இதைவிட சமர்த்தான செடி இல்லை. பக்கத்தில் ஸ்பைடர் லில்லி இரண்டு தொட்டி. லாலிபாப் செடி ஒன்று, மஞ்சள் கதிர் மாசக்கணக்கில் நிற்கும்.

கிளையில் தொங்கவிட எபிசியா. இலை செப்பு நிறம், அதில் சின்னச் சின்னச் சிவப்புப் பூ. வெயில் பட்டால் சுருளும், நிழலில்தான் சந்தோஷமாக இருக்கும். மிச்சம் இருக்கிற பிகோனியாவையும் இங்கே கொண்டுவந்துவிடுங்கள். தப்பித்தது கரும்பு மாதிரி கணு வைத்து வளர்கிற ரகமாக இருக்கும். அது சேலத்துச் சூட்டைக் கொஞ்சம் பொறுக்கும்.

உள் மூலையில் பூவை எதிர்பார்க்காதீர்கள். பீஸ் லில்லி நிழலில் பூக்கும் என்பார்கள், இருட்டில் அதுவும் இலைதான் விடும். அதை ஓரத்துக்கு வையுங்கள். பூனை, நாய் இருந்தால் எட்டாத உயரத்தில், கடித்தால் வாய் எரிந்து வீங்கும். மூலைக்குப் பெரணி வையுங்கள். குரோட்டன்ஸ் வேண்டாம் என்றீர்கள், பெரணி குரோட்டன்ஸ் இல்லை என்று உங்களை ஏமாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: நிழல் தொட்டிக்கு விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும். போர் தண்ணீரால் தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும், பீஸ் லில்லி இலை நுனி காயும். ஏசி தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், உப்பு இல்லாதது. ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் கூடுதலாக இருக்கும்.

பின்கட்டு (ஜூன் 12, இரவு 8:20)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கிழங்கு வாங்க வருகிறேன் அக்கா. ஆந்தூரியம் ஆசை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஏற்காட்டில் நிறையப் பார்த்தேன்.

கொண்டைஊசி (ஜூன் 12, இரவு 9:00)

இங்கே அதை நிழல்வலைக்குள், தென்னைநார்ச் சில்லில், பனிமூட்டம் மாதிரி தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். உங்கள் ஊர்க் காற்றில் ஏப்ரலில் அப்பளம் காயும். ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள், ஆறு வேண்டாம். அடுத்த முறை வந்தால் வாங்குவதற்கு முன்னால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய்விட்டு வாருங்கள். நிழலில் என்னென்ன பூக்கும் என்று கண்ணால் பார்க்கலாம். அங்கே விலைக்குத் தர மாட்டார்கள், அதனால் உங்களுக்குப் பாதுகாப்பான இடம்.

பின்கட்டு (ஜனவரி 27, காலை 8:15)

ஏழு மாதம் கழித்து வருகிறேன். கனகாம்பரம் 14 செடி வைத்தேன், 11 நிற்கிறது. மூன்று பனமரத்துப்பட்டி ஐயா சொன்ன மாதிரியே மத்தியானம் தொங்கிப் போனது, பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு. டிசம்பர் பூ மார்கழி முழுக்கச் சாமிக்குப் போனது. ஆகஸ்டில் பக்கத்து வீட்டில் இரண்டு கிளை வெட்டினார்கள், மூலையில் இப்போது கை தெரிகிறது. ஆந்தூரியம் வாங்கவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. மரத்தடித் தொட்டி இலைகளெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, மேலே கரி பூசின மாதிரி கருப்பு. எபிசியாவின் செப்பு நிறமே தெரியவில்லை. தரையிலும் செருப்பு ஒட்டுகிறது.

பனமரத்துப்பட்டி (ஜனவரி 27, மாலை 6:10)

மாமரம் பூத்திருக்குமே? பூவில் தத்துப்பூச்சி. சாறு குடித்துவிட்டுத் தேன் மாதிரி கழிக்கும், அது கீழே சொட்டும், அதன்மேல் கரும்பூசணம் வரும். உங்கள் செடிக்கு நோய் இல்லை, மேலே இருந்து விழுந்த அழுக்கு. தோட்டத்தில் மைதாவைக் கஞ்சி காய்ச்சி, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் தெளிப்போம். வெயிலில் காய்ந்து கரியோடு உரிந்து விழும். உங்களுக்கு வெயில் இல்லை, உரியாது. ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

சாமந்தி (ஜனவரி 27, இரவு 7:00)

எபிசியா இலையில் மயிர் இருக்கும், துடைத்தால் கிழியும். அதை மட்டும் கழற்றிப் போர்டிகோவுக்குள் மாட்டுங்கள், பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் திரும்ப வரட்டும்.

பின்கட்டு (ஏப்ரல் 21, மதியம் 12:45)

நேற்று 12:15க்குச் சந்தில் ஒரு குச்சி நட்டு வைத்துப் பார்த்தேன். நிழல் குச்சியின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. இன்று காலை பீஸ் லில்லியையும் பிகோனியாவையும் வாசல் பக்கம் மாற்றியாச்சு. கனகாம்பரம் மட்டும் வெயிலுக்கு நிற்கிறது.

மரத்தடியில் இரண்டு தொட்டியில் சிவப்பு மூக்கு. ஒன்று கட்டைவிரல் உயரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி சுவர் மேலாக எட்டிப் பார்த்து, இதிலே எனக்கொரு கிழங்கு என்று கேட்டார். இப்போதே பிரித்துக் கொடுக்கலாமா அக்கா?

சாமந்தி (ஏப்ரல் 21, மாலை 4:20)

இப்போது தொடாதீர்கள். பந்து விரிந்து, இலை வந்து, அது வாடின பிறகு தை மாதம் தோண்டிக்கொள்ளலாம். பாட்டிக்கு அதுவரை பூவைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.